தீட்டு வேறு, தொற்று வேறு

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கழகத்தின் சாதனைகளைச் சொல்லி மகிழ்வது வழக்கம். அவற்றைச் சொல்லத் தகுதியுடையோர் இங்குப் பலர் உளர். நாங்கள் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க விரும்புகிறோம். அந்தத் தவற்றிலிருந்து ஓர் அறிவியல் செய்திக்குச் செல்வோம். வைரஸ் என்னும் நச்சுயிரி நம் உடலுக்குள் எவ்வாறு உருமாறுகிறது, புதிய திரிபுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதே இன்று நமக்கு இடப்பட்டுள்ள தலைப்பு. மருத்துவக் கல்லூரி மாணவர்க்குரிய பொருள் இது என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டா. இது நம் தெருவில், நம் கண்முன் நடந்த கதை.

மூன்றாவது குவளை

நாமக்கல் மாவட்டம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நம் இளைஞர் பலர் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராக உயர்ந்து, நாட்டின் நான்கு எல்லைகளையும் பார்த்தவர்கள். அவ்வாறு சென்ற ஒருவர், எங்கள் தெருவில் எங்களோடு வளர்ந்த தம்பி, 2005ஆம் ஆண்டு உடல் மெலிந்து ஊர் திரும்பினார். நகரத்து மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து எச்.ஐ.வி. என்றார்கள்.

அந்நாளில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இரண்டு விதக் குவளைகள் இருந்தன. ஊர்க்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அந்த இரட்டைக் குவளையை எதிர்த்து நாங்கள் கூட்டம் கூட்டினோம், மனுக் கொடுத்தோம், வழக்கும் போட்டோம். அதே ஆண்டில் அந்தத் தம்பியின் வீட்டில் மூன்றாவது குவளை ஒன்று வைக்கப்பட்டது. அவர் குடிக்கும் குவளை தனி. உண்ணும் தட்டு தனி. படுக்கும் பாய் தனி. வைத்தவர்கள் வேற்றுச் சாதியார் அல்லர், நாமே. கடைக்காரரை எதிர்த்து முழங்கிய எங்களுள் ஒருவர்கூட அந்த வீட்டுக் குவளையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. 2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய அத்திட்டத்தின் முதல் நிலையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. நம் தம்பிக்கும் மருந்து கிடைத்தது. ஆனால் அதை வாங்கப் போகும் நாளில் கூலி போகும். பேருந்துக்குக் காசு வேண்டும். வாங்கி வந்த மாத்திரையை வீட்டில் வைத்தால் பிறர் கண்ணில் படும். ஆகவே சில நாள் விழுங்கினார். சில நாள் விட்டார். ஓராண்டு கழித்து மருத்துவர் சொன்னார்: "இவர் உடம்பிலுள்ள வைரஸ் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. இனி இது வேலை செய்யாது." அடுத்த கட்ட மருந்தை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2008ஆம் ஆண்டில், தாம்பரத்திலும் மும்பையிலும். தம்பியோ 2007ஆம் ஆண்டு மழைக்காலத்திலேயே மறைந்துவிட்டார்.

'பழகிவிட்டது' என்ற அந்தச் சொல் எங்களை விட்டு நீங்கவில்லை. கன்று கயிற்றுக்குப் பழகும். குழந்தை பள்ளிக்குப் பழகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் மருந்துக்கு எவ்வாறு பழகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

ஏடும் படியும்

நச்சுயிரி முழு உயிரும் அன்று. வெறும் சடப்பொருளும் அன்று. அது தானாக உண்ணாது, மூச்சு விடாது, தனியே பெருகாது. புரத உறை ஒன்றுக்குள் சுருட்டி வைத்த ஓலை என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். 'என்னைப் படியெடு' என்பதே அவ்வோலையின் சாரம். மனிதன், மாடு, கோழி, செடி என ஏதேனும் ஓர் உயிரின் உயிரணுவுக்குள் அது நுழைந்துவிட்டால், அந்த உயிரணு தன் சொந்த வேலையை விட்டுவிட்டு அவ்வோலையைப் படியெடுக்கத் தொடங்கும். அவ்வாறு இடமளிக்கும் உடலை ஓம்புயிர் என்பர். விருந்தாளியாக நுழைந்து வீட்டுக்காரனையே பண்ணையாளாக்கிக் கூலி கொடாமல் வேலை வாங்கும் கதை இது. அந்தக் கதை நமக்குப் புதிதன்று.

அவ்வோலையின் மொழிக்கு நான்கே எழுத்துகள். நம் உடலின் ஏடு டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது. அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. பல நச்சுயிரிகளின் ஓலையோ ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது. எச்.ஐ.வி.யின் ஓலையில் ஏறத்தாழ 9,700 எழுத்துகள். கொரோனா நச்சுயிரியின் ஓலையில் ஏறத்தாழ 30,000. சளிக்காய்ச்சல் தரும் இன்ஃபுளூயன்சா, தட்டம்மை, இளம்பிள்ளை வாதம், வெறிநாய்க்கடி நோய், டெங்கு ஆகியவற்றை உண்டாக்கும் நச்சுயிரிகளும் இந்த ஆர்.என்.ஏ. குலத்தைச் சேர்ந்தவையே.

அச்சு வருமுன் நூல்கள் ஓலையிலேயே வாழ்ந்தன. ஓலை செல்லரிக்கும், ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதுவர். எழுதுவோர் கை தவறினால் ஓர் எழுத்து மாறும். அந்தப் பிழையான ஏட்டைப் பார்த்து எழுதியவர் அப்பிழையையும் எழுதுவார். தம் பிழை ஒன்றையும் சேர்ப்பார். பாட வேறுபாடு என்று புலவர் சொல்வது இவ்வாறு பிறந்ததே. இந்த ஏட்டு மரபு நமக்கு அயலானது என்று எண்ணாதீர்கள். தம் பாட்டனார் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டை ஆரிங்டன் துரை வழியாக எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். பண்டிதர் சித்த மருத்துவருமாவார். ஏட்டையும் நோயையும் ஒருங்கே கற்ற முன்னோரின் வழியில் வந்தவர்கள் நாம்.

டி.என்.ஏ.யைப் படியெடுக்கும்போது உடன் இருந்து ஒப்புநோக்கித் திருத்தும் ஏற்பாடு நம் உயிரணுக்களில் உண்டு. ஆர்.என்.ஏ. நச்சுயிரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய ஒப்புநோக்குவோர் இல்லை. கொரோனா நச்சுயிரிக்கு ஓரளவு உண்டு. அதனால் அது சற்று மெதுவாக மாறுகிறது. எச்.ஐ.வி.க்கு அறவே இல்லை. அது தன் ஆர்.என்.ஏ. ஓலையை முதலில் டி.என்.ஏ.யாக மாற்றி எழுதி நம் உயிரணுவின் ஏட்டுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அந்த எழுத்து வேலையைச் செய்யும் நொதி மிகவும் அவசரக்காரன். ஏறத்தாழ மூன்று படிகளுக்கு ஒன்றில் ஒரு பிழையேனும் விழுகிறது.

மருந்து உண்ணாத ஒருவரின் உடலில் எச்.ஐ.வி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி என்ற அளவில் பெருகுவதாக 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அப்பிழைகளுள் மிகப் பல ஏட்டையே கெடுத்துவிடும்; அப்படிகள் வாழா. சில பிழைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மிகச் சில பிழைகள் மட்டும் ஏதோ ஒரு சூழ்நிலையில் பயன்படக்கூடியவை. ஆகவே சில ஆண்டுகள் சென்றபின் நோயாளியின் உடலில் இருப்பது ஒரே நச்சுயிரி அன்று. சிறு சிறு வேறுபாடுகளை உடைய பெருங்கூட்டம் அது. புதிய திரிபு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. இத்தகைய ஒரு கூட்டத்திலிருந்து, ஏதோ ஓர் உடலிலிருந்து வெளியேறி வருகிறது.

சாமை வயல் கற்பிக்கும் பாடம்

பிழை நேர்வது ஒன்று. அது பெருகி நிலைப்பது மற்றொன்று. இரண்டாவதை விளக்க நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்த மலையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனச் சாமையிலேயே பல வகைகளைப் பெரியோர் காத்து வந்துள்ளனர். ஒரு வயலில் விரைவில் விளையும் விதையும் நெடுநாள் நின்று விளையும் விதையும் கலந்து கிடப்பதாகக் கொள்வோம். அவ்வாண்டு மழை பாதியில் நின்றுவிட்டது. விரைவில் விளைந்தது மணி பிடித்தது, மற்றது கருகியது. மறு ஆண்டு விதைக்கக் கிடைத்த விதையில் பெரும்பகுதி விரைவில் விளையும் வகையே. மழை இன்மை புதிய சாமையைப் படைத்ததா? இல்லை. ஏற்கெனவே கலந்து கிடந்ததில் ஒன்றைத் தேர்ந்துவிட்டது, அவ்வளவே.

நச்சுயிரிக்கு மழை இன்மையாக அமைவது நம் நோய்த் தடுப்பாற்றலோ, நாம் உண்ணும் மருந்தோ ஆகும். மருந்து உடலுக்குள் வருமுன்னரே, அந்த மருந்தால் தாக்க முடியாத எழுத்துப்பிழை கூட்டத்தில் எங்கோ இருக்கக்கூடும். மருந்து வந்ததும் மற்றவை ஒடுங்கும். அது மட்டும் ஓங்கும். 'பழகிவிட்டது' என்று மருத்துவர் சொன்னது எளிமைக்காகச் சொன்ன சொல். எந்த நச்சுயிரியும் பழகவில்லை, முயலவும் இல்லை. பிழை தற்செயலாக நேர்ந்தது. சூழ்நிலை அதைத் தேர்ந்தது.

மூன்று பூட்டு

எச்.ஐ.வி.க்கு முதல் மருந்து 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தனி மருந்தாக அதைக் கொடுத்தபோது தொடக்கத்தில் நலம் தெரிந்தது. சில மாதங்களில் அதன் ஆற்றல் குன்றியது. 1996ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை நிலைபெற்றது. மூன்று ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கே.

ஓலையின் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறுவது 30,000 படிகளில் ஒன்றில் நேர்கிறது என எளிமைக்காகக் கொள்வோம். ஒரு மருந்தை மீற ஒரு பிழை போதுமென்றால், நாளொன்றுக்குப் பிறக்கும் 1,000 கோடிப் படிகளில் அத்தகையவை 3 லட்சத்துக்கு மேல் இருக்கும். இரண்டு மருந்துகளை மீற இரண்டு குறிப்பிட்ட பிழைகள் ஒரே படியில் சேர வேண்டும். அது 90 கோடியில் ஒன்று. நாளொன்றுக்கு 11 படிகளே தேறும். மூன்று மருந்துகளை மீற மூன்று பிழைகள் சேர வேண்டும். அது 27 லட்சம் கோடியில் ஒன்று. அத்தகைய ஒரு படி பிறக்க ஏழாண்டுக்கு மேல் ஆகும். அதுவும் மருந்தே இல்லாமல் பெருகும் வேகத்தில். மூன்று மருந்தும் சேர்ந்து நிற்கும் உடலில் படியெடுப்பே ஏறக்குறைய நின்றுவிடுவதால் பிழைக்கு வாய்ப்பும் அருகிவிடுகிறது. மூன்று பூட்டுப் போட்ட பெட்டியைத் திருடன் திறப்பது அரிது என்பதே இதன் பொருள்.

மாத்திரையை அவ்வப்போது விட்டால் என்ன நேரும்? மூன்று மருந்துகளும் உடலை விட்டு ஒரே நேரத்தில் நீங்குவதில்லை. அந்நாளில் நம் நாட்டில் வழங்கிய கூட்டில் நெவிரபின் என்ற மருந்து பல நாள் தங்கும். மற்றவை அதற்கு முன்பே நீங்கிவிடும். அந்த இடைப்பட்ட நாட்களில் பெட்டியில் ஒரே பூட்டுத்தான் தொங்கும். படியெடுப்பு மீண்டும் தொடங்கியிருக்கும், தேர்வும் நடந்துகொண்டிருக்கும். அப்போது தப்பிய திரிபு உடலில் நெடுங்காலம் வாழும் சில உயிரணுக்களுக்குள் புகுந்து, பரணில் போட்ட பழைய ஏடுபோல் காத்துக் கிடக்கும். அதே மருந்தைப் பின்னர் ஒழுங்காக உண்டாலும் அது பரணிலிருந்து இறங்கி வந்துவிடும். பிறருக்குத் தொற்றவும் கூடும்.

இப்போது நம் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவர் மாத்திரையை விட்டது அலட்சியத்தால் அன்று. ஒரு நாள் கூலியும், பேருந்துக் கட்டணமும், தெருவார் கண்ணும் அவரை விட வைத்தன. அவர் உடலில் பிழை பிறந்தது இயற்கை. அப்பிழை பெருகியதற்கோ நாம் வைத்த மூன்றாவது குவளையும் ஒரு காரணம். மருந்தை மறைத்து உண்ண வேண்டிய வீட்டில் மருந்தை முறையாக உண்ண இயலாது.

பழி யார்மேல்?

இந்த நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டதும் நம் மாநிலத்தில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, பாலியல் தொழிலுக்காகக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். சிலவற்றில் எச்.ஐ.வி. இருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்தது. உலகமோ அதை ஒழுக்கக் கேட்டின் சான்றாக எடுத்துக்கொண்டது. அந்த ஏழைப் பெண்களுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்த்த ஆண்கள் யார் என்று கேட்டவர் சிலரே. பின்னர் பழி லாரி ஓட்டுநர்மேல் விழுந்தது. நாமக்கல் மாவட்டம் எச்.ஐ.வி. பரவல் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டபோது, வீட்டை விட்டுப் பல நாள் பிரிந்து, உறக்கமின்றிச் சுமை ஏற்றி ஓடும் அவர்தம் வாழ்க்கை நிலை பற்றிப் பேசியவர் குறைவு. அவர்களை ஏசியவர் மிகுதி.

நோய்க்கு ஒரு சாதியை, ஒரு தொழிலை, ஒரு நாட்டைப் பொறுப்பாக்கும் இப்பழக்கம் கொரோனாக் காலத்திலும் ஓயவில்லை. 2020ஆம் ஆண்டு 'சமூக இடைவெளி' என்ற சொல் வந்தபோது நம்முள் பலருக்கு உள்ளம் சுருக்கென்றது. நூற்றாண்டுகளாக நம்மிடமிருந்து காக்கப்பட்ட இடைவெளிக்குப் புதிய பெயரா என்று கேட்டோம். வேண்டியிருந்தது உடல் இடைவெளி மட்டுமே. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்ட திரிபை வெளிநாடுகளில் 'இந்தியத் திரிபு' என்றனர். ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் பழியைச் சுமத்தும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக்கியது. டெல்டா என்ற பெயர் அவ்வாறு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர் ஒமிக்ரான் திரிபைக் கண்டு உடனே உலகுக்கு அறிவித்தனர். கிடைத்த நன்றி, அவர்கள் நாட்டு விமானங்களுக்குத் தடை. அன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட முழுத் தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை.

இங்கு ஒரு நோயாளியின் வரலாற்றைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 22 வயதுப் பெண் ஒருவர் எச்.ஐ.வி.க்கு முறையான மருந்தின்றி நோய் முற்றிய நிலையில் இருந்தார். கொரோனா தொற்றியது. பெரும்பாலோர் உடலில் சில வாரங்களில் அழிந்துவிடும் அந்நச்சுயிரி, தடுப்பாற்றல் குன்றிய அவர் உடலில் ஒன்பது மாதம் தங்கியது. அக்காலத்தில் அதன் ஓலையில் இருபதுக்கு மேற்பட்ட புதிய மாற்றங்கள் சேர்ந்தன. பிறகு அவருக்கு எச்.ஐ.வி. மருந்து முறையாகக் கிடைத்தது. உடலின் காவலர் மீண்டெழுந்தனர். ஆறு முதல் ஒன்பது வாரங்களுக்குள் கொரோனாவும் அவர் உடலை விட்டு நீங்கியது. 2022ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளிவந்தது. ஒமிக்ரான் எங்கே பிறந்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை. எனினும் இத்தகைய நெடுநாள் தொற்றுகள் திரிபுகளின் நாற்றங்கால் ஆகக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் வலுவாகக் கருதுகின்றனர்.

தோழர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்மேல் குற்றமில்லை. அவருக்கு மருந்து சென்று சேராத ஒன்பது மாதமே குற்றம். சிகிச்சை மறுக்கப்பட்ட ஓர் உடல் எங்கிருந்தாலும், குடிசையில் இருந்தாலும் மாளிகையில் இருந்தாலும், அங்கே நச்சுயிரிக்குக் காலம் கிடைக்கிறது. காலம் கிடைத்தால் படிகள் பெருகும். படிகள் பெருகினால் பிழைகள் பெருகும். ஆகவே கடைக்கோடி மனிதருக்கு மருத்துவம் கேட்பது இரக்கத்தின் பேரில் கேட்கும் பிச்சை அன்று. ஊர் முழுதும் நலமாக இருக்க வேண்டுமானால் செய்தே தீர வேண்டிய காரியம் அது.

தீட்டுக்கும் தொற்றுக்கும் இடையே

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாத்து நகரக் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தினார். சாதி இந்துக்கள் பின்னர் 108 குடங்களைக் கொண்டு, சாணம், கோமியம், பால், தயிர் ஆகியவற்றால் சடங்கு செய்து அக்குளத்தைத் தூய்மையாக்கியதாகச் சொல்லிக்கொண்டனர். சாணத்தில் கிருமி உண்டு என்பது அறிவியல். தலித் கையில் அழுக்கு உண்டு என்பது சாதி. இரண்டையும் பிரித்தறியாத சமுதாயத்தில் நோயும் ஒழியாது, சாதியும் ஒழியாது.

தொற்றுக்கு வழி உண்டு, அவ்வழியை அடைக்கலாம். எச்.ஐ.வி. பாதுகாப்பற்ற உடலுறவாலும், நோயுற்றோர் இரத்தத்தாலும், தூய்மையற்ற ஊசியாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். குவளையால் பரவாது, தட்டால் பரவாது, ஒரே பாயில் அமர்வதால் பரவாது. தொற்றுக்கு மருந்து உண்டு, இன்று எச்.ஐ.வி. உடையோர் மூன்று மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒருமுறை உண்டு நெடுநாள் வாழ்கின்றனர். நச்சுயிரியின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்கு ஒடுங்கி, அந்நிலையிலேயே காக்கப்பட்டால், உடலுறவு வழியாகவும் அது பிறருக்குப் பரவுவதில்லை. தீட்டுக்கோ வழியும் இல்லை, அளவும் இல்லை, மருந்தும் இல்லை. பிறப்பு ஒன்றே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சாகும்வரை நீங்காது என்றும் சொல்லப்படுகிறது. தொற்று உடலில் உள்ளது. தீட்டு பார்ப்பவர் மனத்தில் உள்ளது.

மாற்றம் உண்டு என்றால் தடுப்பூசியால் என்ன பயன் என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். எல்லாப் பிழையும் நச்சுயிரிக்கு வெற்றியாகாது. தட்டம்மையும் ஆர்.என்.ஏ. நச்சுயிரியால் வருவதே, அதிலும் பிழைகள் நேர்கின்றன. ஆனால் நம் தடுப்பாற்றல் அடையாளம் காணும் பகுதியில் அது மாறினால் உயிரணுவுக்குள் நுழையும் திறனையே இழந்துவிடுகிறது. 1954ஆம் ஆண்டு ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த நச்சுயிரியைப் பக்குவப்படுத்திச் செய்த தடுப்பூசி இன்றும் காக்கிறது. இளம்பிள்ளை வாதமும் ஆர்.என்.ஏ. குலமே. வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்ததால், இயற்கையான போலியோ நச்சுயிரியால் வந்த கடைசி நோய் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் காணப்பட்டதோடு நம் நாட்டில் நின்றது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த நச்சுயிரிகூட, தடுப்பு பெறாத குழந்தைகள் மிகுந்த இடங்களில் நெடுநாள் சுற்றினால், பிழை சேர்ந்து மீண்டும் நோய் தரும் வகையாகிவிடக்கூடும். மருந்தில் பாதிப் பேரை விட்டுவைத்தால் மருந்தே பகையாகலாம். பாடம் ஒன்றே: ஒருவரையும் விடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மருந்து தொடங்கியவர் எவராயினும், எச்.ஐ.வி. நோயாளியானாலும் காசநோயாளியானாலும், அதைத் தொடர உதவுங்கள். காசநோய் நச்சுயிரியால் வருவதன்று. ஆயினும் பாதியில் விட்ட மருந்து எதிர்ப்பாற்றல் உடைய கிருமியை வளர்க்கும் என்பது அங்கும் உண்மை. மலைமேலிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஒருவருக்குத் துணையாக ஓர் இளைஞர் போனால், அது கழகத்தின் பணி என்றே கணக்கில் எழுதுவோம்.

இரண்டாவது, சட்டத்தை அறியுங்கள். எச்.ஐ.வி. உடையோரை வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ வேறுபடுத்தி நடத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. தீண்டாமைக்கு எதிரான சட்டங்களை எவ்வளவு உறுதியாகப் பிடித்தோமோ, அவ்வளவு உறுதியாக இதையும் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, படியுங்கள். நம் பிள்ளைகளுள் சிலரேனும் உயிரியலும் கணக்கும் கற்று ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டும். இரத்த மாதிரிகளைத் திரட்டிய அந்த மாணவிக்குப் பெருங்கருவிகள் இல்லை; துணிவும் முறையான கல்வியும் இருந்தன. அவ்விரண்டையும் அளிக்கத்தான் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது.

நான்காவது, வீட்டுக்குள்ளே பாருங்கள். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்க்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. ஆனால் நம் வீட்டு அடுக்களையில் மூன்றாவது குவளையை வைத்துக்கொண்டு அந்த உரிமையைப் பேச நமக்கு நா எழாது. இருபதாண்டுகளுக்கு முன் நாங்கள் அதைச் சொல்லத் தவறினோம். அந்தத் தம்பியின் தாயார் இன்றும் நம் தெருவில் இருக்கிறார். அவர் வீட்டில் அந்தக் குவளை நெடுநாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சென்ற பொங்கலுக்கு நாங்கள் போனபோது, மற்றக் குவளைகளோடு சேர்த்து அதிலும் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எது யார் கையில் வந்தது என்று எவரும் பார்க்கவில்லை. வாங்கிக் குடித்தோம்.

இதைச் செய்ய எங்களுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. உங்களுக்கு ஆக வேண்டியதில்லை.